காட்டுக் குளங்களின் கட்டும் காவலும்
அம்பாறைக் கரையோரத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குளங்களைப் பற்றி எழுதத் தவறியதில்லை. குளம் கட்டிய மன்னரின் பெயர்கள் வம்சக் கதைகளிலும் கல்வெட்டுகளிலும் இடம்பெற்றுள்ளன. குளக்கோட்டன் என்னும் பெயரிலேயே குளமும் கோட்டமும் இணைந்து நிற்பதாகக் கிழக்கிலங்கை மக்கள் பொருள் கூறுவர். ஆயின், கட்டிய குளத்தை ஆண்டுதோறும் காத்து நின்றவர் யாவர், மாரி இரவில் கட்டின்மீது வெளிச்சம் ஏந்தி நடந்தவர் யாவர், எலிவளை கண்ட இடத்தில் மண்ணிட்டு மிதித்தவர் யாவர் என்னும் வினாக்களுக்கு அவ்வேடுகள் விடை தருவதில்லை. கட்டுதல் ஒரு தலைமுறையின் செயல். காத்தலோ ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் மீண்டும் செய்யவேண்டிய செயல். முன்னையது புகழ் பெற்றது. பின்னையது பெயரின்றி மறைந்தது.

இவ்வாறு மறைந்துபோன காவலின் வரலாற்றை ஆராய்வதற்குச் சிறிய குளங்களே, அவற்றுள்ளும் காட்டின் நடுவே விலங்குகளுக்கென நிற்கும் குளங்களே, தகுந்த சான்றாக அமைகின்றன. வயலுக்கு நீர் தரும் குளத்திற்கு வயலுக்குரியவன் காவலன். யானைக்கு நீர் தரும் குளத்திற்குக் காவலன் யார்? இவ்வினா காட்டுவிலங்குப் பாதுகாப்புப் பற்றிய வினா மட்டுமன்று. அக்குளத்தின் கீழே குடியிருக்கும் மக்களின் உயிரைப் பற்றிய வினாவுமாகும். திருக்கோவிலையும் அதனைச் சூழ்ந்த அம்பாறைக் கரையோரத்தையும் அடிப்படையாகக் கொண்டு இதனை நோக்குதலே இக்கட்டுரையின் பொருளாகும்.

நிலமும் நீரும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் அக்கரைப்பற்றுக்குத் தெற்கே தம்பிலுவிலை அடுத்து அமைந்தது திருக்கோவில். சித்திர வேலாயுத சுவாமி கோயிலாலேயே ஊர் பெயர் பெற்றது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்குக் கிழக்கிலங்கையின் பல பாகங்களிலிருந்தும் அடியார்கள் இங்கு கூடுவர். வடக்கிலிருந்து கதிர்காமத்திற்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களுக்கும் இது ஒரு தங்குமிடம். இங்கிருந்து பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டுக்குள் புகும் அந்த யாத்திரிகர்களுக்கு வழியிலுள்ள நீர்நிலைகளே துணை. குளமும் மடுவும் வற்றினால் மனிதனின் நிலையும் விலங்கின் நிலையும் ஒன்றே என்பதை அப்பாதையில் நடந்தோர் நன்கறிவர்.

ஊரின் கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, அதற்கும் மேற்கே காடு. சாகாமம் முதலிய குளங்கள் இம்மேற்குப் புறத்திலேயே அமைந்துள்ளன. வடக்கே அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என முஸ்லிம் ஊர்களும், காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் ஒரே கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குடியிருப்புகள் வெவ்வேறாயினும் வயல்கள் பெரும்பாலும் அருகருகே கிடப்பன. ஒரே வாய்க்காலில் வரும் நீர் தமிழ்ப் போடியாரின் வயலுக்கும் முஸ்லிம் போடியாரின் வயலுக்கும் பாயும். எனவே இப்பகுதியில் ஒரு குளக்கட்டின் நலம் எந்த ஓர் ஊருக்கும் தனியே உரியதன்று.

இப்பிரதேசம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஒக்டோபர் முதல் சனவரி வரையான மாதங்களிலேயே ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்துவிடுகிறது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வானம் வறண்டு கிடக்கும். மேற்கு மலைச்சாரலிலிருந்து கடலை நோக்கி ஓடும் ஆறுகளுள் பட்டிப்பளை ஆறு போன்ற சிலவற்றைத் தவிர ஏனையவை குறுகியன. மாரியில் பெருகிக் கோடையில் மணலாகிவிடுவன. நான்கு மாத மழையைப் பன்னிரண்டு மாத வாழ்வுக்குப் பங்கிட வேண்டிய தேவையே குளங்களைத் தோற்றுவித்தது. அதே தேவை காட்டு விலங்குகளுக்கும் உண்டு. கோடையில் யானைக் கூட்டங்கள் குளங்களை நாடி வருவது இயற்கையின் விதி. மனிதன் வயலுக்கெனத் தேக்கிய நீர் தொடக்கம் முதலே விலங்குக்கும் பொதுவாயிற்று.

கட்டின் இயல்பு

குளக்கட்டு பார்வைக்கு ஒரு மண்மேடு. உண்மையில் அது பல உறுப்புகள் கொண்ட ஓர் அமைப்பு. நீரைத் தாங்கும் மண்கட்டு, அலை மோதி மண் கரையாதவாறு உட்புறச் சரிவில் பதிக்கப்பட்ட கற்கள், நீரை அளவோடு வெளிவிடும் துருசு, மிகையான வெள்ளத்தை வெளியேற்றும் வான் என்பன அவற்றுள் தலையாயவை. பண்டைய இலங்கையின் பெருங்குளங்களில் துருசுக்கு மேலே கல்லாற் கட்டப்பட்ட சதுரக் கிணறு போன்ற அமைப்பு ஒன்று உண்டு. சிங்களத்தில் பிசோகொட்டுவ எனப்படும் இதன் சிறப்பை, நீர்ப்பாசனப் பொறியியலாளராகக் கடமையாற்றிய ஹென்றி பாக்கர் 1909 இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் அடக்கி வெளிவிடும் உபாயத்தை அக்காலத்தவர் அறிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

கட்டு உடைவதற்கும் சில திட்டவட்டமான வழிகளே உள்ளன. முதலாவது, நீர் கட்டின் மேலாக வழிந்தோடுதல். வான் போதிய அகலமின்றி இருந்தாலோ, மரமும் சருகும் சேறும் அதனை அடைத்துக்கொண்டாலோ, வெள்ளம் கட்டின் உச்சியைக் கடக்கும். மண்கட்டின் மேலாக ஓடும் நீர் அதன் வெளிப்புறச் சரிவை அரித்துச் சில மணி நேரத்திலேயே கட்டைப் பிளந்துவிடும். இரண்டாவது, உள்ளரிப்பு. கட்டின் உள்ளே நூல்போல் ஊறும் நீர் மண் துகள்களைச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவரும், ஊற்று துளையாகும், துளை குகையாகும், பின்னர் மேலுள்ள மண் இடிந்து விழும். எலி, உடும்பு, முள்ளம்பன்றி ஆகியவற்றின் வளைகளும், கறையான் புற்றுகளும், பட்டுப்போன மரத்தின் உக்கிய வேர்களும் அந்த ஊற்றுக்கு முன்னமே வழி அமைத்துக் கொடுப்பன. துருசின் கல்லும் மண்ணும் பொருந்தும் இடம் குறிப்பாக வலுக்குன்றிய இடமாகும். மூன்றாவது, சரிவு நழுவுதல். நீரில் ஊறிய கட்டு தன் பாரத்தையே தாங்காது சரியும்.

இம்மூன்றிலும் நோக்கத்தக்க ஒற்றுமை ஒன்று உண்டு. எந்தக் கட்டும் முன்னறிவிப்பின்றி உடைவது அரிது. வெளிப்புற அடிவாரத்தில் புதிய ஈரம், அதுவரை தெளிவாக ஊறிய நீர் கலங்கி வருதல், உச்சியில் வெடிப்பு, ஓரிடத்தில் மட்டும் தாழ்வு எனக் கட்டு தன் நோயைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அதனைப் பார்ப்பதற்கு ஒருவர் அங்கு நடந்து செல்லவேண்டும். காவல் என்பதன் பொருள் இதுவே.

சிறிய குளம் என்பதாற் கேடும் சிறிது என எண்ணுதல் தவறு. இருபது ஹெக்டேயர் பரப்பில் சராசரியாக ஒன்றரை மீற்றர் ஆழத்திற்கு நீர் நிற்கும் குளமொன்றைக் கொள்வோமாயின், அதில் மூன்று இலட்சம் கன மீற்றர் நீர் இருக்கும். அதன் நிறை மூன்று இலட்சம் தொன். இந்நீர் ஒரே இரவில் ஒரே உடைப்பின் வழியே புறப்படுமாயின், கீழே உள்ள குடிசைகளுக்கு அது சிறிய குளமன்று.

காவலின் வரலாறு

கண்டி இராச்சியத்தில் குளங்களைத் திருத்தும் பணி இராசகாரியம் எனப்பட்ட கட்டாயச் சேவையின் ஒரு கூறாக இருந்தது. நிலத்தை அனுபவிப்பவன் அதற்கு ஈடாக உழைப்பைத் தரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி 1832 இல் பிரித்தானிய அரசு இராசகாரியத்தை ஒழித்தது. மனிதனைக் கட்டாய உழைப்பிலிருந்து விடுவித்த அச்செயல் முற்போக்கானதென்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கட்டாயத்தோடு சேர்ந்து குளக்கட்டுக்கு இருந்த கூட்டுப் பொறுப்பும் தளர்ந்தது. வராதவனை வரச்செய்யும் அதிகாரம் எவரிடமும் இல்லாதபோது, வந்தவனும் வராமலானான். ஒருவன் தன் பங்கு மண்ணைப் போடாது விட்ட இடத்திலேயே கட்டு உடையும். உடைந்தால் அழிவது எல்லோருடைய வயலுமாகும்.

இக்குறைபாட்டை அரசு இரு தசாப்தங்களின் பின்னரே உணர்ந்தது. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் நீர்ப்பாசனத்தில் தனி ஈடுபாடு காட்டினார். அவர் காலத்தில் இயற்றப்பட்ட 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்காறுகளுக்கு மீண்டும் சட்ட வலு அளித்தது. மட்டக்களப்புப் பகுதியின் தென்பாகத்தில் இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்கள் திருத்தப்பட்டதும் வார்டின் முயற்சியோடு தொடர்புடையது. 1900 இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக நிறுவப்பட்டபோது பெருங்குளங்களின் காவல் பொறியியலாளரின் கைக்கு மாறியது.

ஆயினும் ஊர்மட்டத்தில் குளத்தின் காவலனாக விளங்கியவன் பொறியியலாளன் அல்லன். ஏனைய பகுதிகளில் வெல்விதானை என்றும், கிழக்கில் வட்டை விதானை என்றும் அழைக்கப்பட்டவனே. வட்டை என்பது ஒரே நீர்ப்பாய்ச்சலுக்குட்பட்ட வயற்றொகுதி. பயிர்ச்செய்கைக் கூட்டத்தைக் கூட்டுதல், விதைப்புத் தொடங்கும் நாளையும் நீர் திறக்கும் நாளையும் அறிவித்தல், வேலி அடைப்பித்தல், வாய்க்கால் வெட்டுவித்தல், கட்டில் ஒவ்வொருவரும் செய்யவேண்டிய வேலையை அவரவர் காணியின் அளவுக்கேற்பப் பங்கிடுதல் என்பன அவன் கடமைகள். அவனுக்குரிய ஊதியம் விளைச்சலின் ஒரு பங்காகவே கிடைத்தது. குளம் உடைந்தால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லையெனில் அவனுக்கும் ஒன்றுமில்லை. காவலனின் வயிறும் காக்கப்படும் பொருளும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தமையே அம்முறையின் பலம். அவன் போடிமாரின் பக்கம் சாய்ந்து ஏழை வயற்காரனை வருத்தியதும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அம்முறையை இலட்சியமாகப் போற்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் மாரி இரவில் கட்டின்மீது நடக்கவேண்டியவன் யார் என்ற வினாவுக்கு அம்முறையில் ஒரு பெயர் விடையாக இருந்தது.

1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. குத்தகைக் குடியானவனுக்குப் பாதுகாப்பளிக்கும் நோக்கோடு கொண்டுவரப்பட்ட அச்சட்டம் விதானையின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பின்னர் 1979 இல் கமநல சேவைச் சட்டமும், 2000 இல் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. 1987 இல் மாகாண சபைகள் தோற்றுவிக்கப்பட்டபின் மாகாணத்திற்குள் அடங்கும் நீர்ப்பாசனத் திட்டங்கள் அவற்றின் பொறுப்பில் வந்தன. எண்பது ஹெக்டேயருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் தரும் குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கும், அதற்குக் குறைந்தவை கமநலத் துறைக்கும் உரியன என்னும் பிரிவினை நிலைபெற்றது. இப்பிரிவினையில் ஒரு செய்தி மறைந்து கிடக்கிறது. குளத்தின் தரம் அதன் கட்டின் உயரத்தாலோ, அது தேக்கும் நீரின் அளவாலோ, கீழே வாழும் மக்களின் தொகையாலோ அளக்கப்படவில்லை. அது நனைக்கும் வயலின் பரப்பாலேயே அளக்கப்பட்டது. அவ்வாறாயின் வயலே இல்லாத குளம் எந்தத் தரத்தைச் சேரும்?

வயல் இல்லாத குளம்

வயலுக்கு நீர் தராத குளம் என்பது புதுமையான கருத்தன்று. அனுராதபுரத்தைச் சூழ்ந்த வன்னிப் பகுதியின் பழைய கிராம அமைப்பில், ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பல குளங்கள் சங்கிலிபோல் அமைந்திருக்கும். இத்தொடர் அமைப்பைப் புவியியலறிஞர் மத்தும பண்டார 1985 இல் விளக்கினார். அத்தொடரில் கிராமத்துக் குளத்திற்கு மேலே காட்டினுள் குளுவெவ எனப்படும் சிறு குளம் ஒன்று இருப்பதுண்டு. அதன்கீழ் வயல் இல்லை. வெள்ளத்தோடு வரும் மண்டியை அது தடுத்துக் கீழ்க்குளம் தூர்ந்துபோகாது காத்தது. காட்டு விலங்கும் ஊர் மாடும் அங்கு நீர் அருந்தின. விலங்குக்குக் காட்டிலே நீர் கிடைத்தமையால் அது வயலை நாடி வருவதும் குறைந்தது. ஆயினும் அக்குளம் கைவிடப்பட்ட குளமன்று. அது உடைந்தால் அதன் வெள்ளம் தம் குளத்தின்மீதே பாயும் என்பதை அறிந்திருந்த கீழ்க்குளத்து மக்களே அதனையும் காத்தனர்.

அம்பாறைப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த மாற்றம் வேறு தன்மையது. 1949 இல் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலை தொடங்கியது. சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம் உருவாயிற்று. அதன்கீழ்ப் பெருங்காடுகள் வெட்டப்பட்டுக் குடியேற்றங்கள் அமைந்தன. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. காடு வயலானபோது காட்டில் வாழ்ந்தவை ஒதுங்க இடம் தேவைப்பட்டது. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949 இல் நிறுவப்பட்ட வனசீவராசிகள் திணைக்களமும் அதற்கான கருவிகளாயின. 1954 இல் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு கல்லோயாத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

இவ்வரிசையிலே திருக்கோவிலுக்குத் தெற்கே, பொத்துவிலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவின் அருகே அமைந்த லாகுகல தனிக் கவனத்திற்குரியது. லாகுகல, கித்துலான, செங்கமுவ என்னும் குளங்களைச் சூழ்ந்த காடு 1966 இல் சரணாலயமாகவும் 1980 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 1,554 ஹெக்டேயர் பரப்பே கொண்ட இப்பூங்கா நாட்டின் சிறிய பூங்காக்களுள் ஒன்று. ஆயினும் கோடையில் யானைகள் பெருங்கூட்டமாக வந்து சேரும் இடம் என்னும் புகழ் அதற்குண்டு. குளத்தின் ஆழமற்ற நீரில் செழித்து வளரும் பெரு என்னும் புல்லே அவற்றை ஈர்ப்பது. மனிதனின் பாசனத்திற்கெனப் பண்டு கட்டப்பட்ட மண்கட்டு ஒன்று, காலத்தின் போக்கில் ஒரு காட்டுயிர் உலகத்தையே தாங்கும் கட்டாக மாறியதற்கு லாகுகல சிறந்த எடுத்துக்காட்டாகும். அக்கட்டு இல்லையெனில் குளமில்லை, குளமில்லையெனில் புல்லில்லை, புல்லில்லையெனில் யானைகள் வேறிடம் தேடி ஊர்களுக்குள்ளேயே புகும்.

உடைப்புகள் கூறும் பாடம்

பயன் மாறிய அணைக்கு நேரும் கதியை உலக வரலாறு கசப்பான முறையில் உணர்த்தியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், படகுக் கால்வாய்க்கு நீர் வழங்குவதற்கென மண் அணை ஒன்று 1853 இல் கட்டி முடிக்கப்பட்டது. புகையிரதம் வந்தபின் கால்வாய் பயனற்றுப்போனது, அணை கைமாறியது. அடியில் இருந்த நீர்வெளியேற்றுங் குழாய்கள் கழற்றி விற்கப்பட்டன. 1879 இல் செல்வந்தரின் மீன்பிடி வேட்டைக் கழகம் ஒன்று அதனைப் பெற்றது. வண்டி செல்வதற்கு வசதியாக அணையின் உச்சி தாழ்த்தப்பட்டது; வளர்த்த மீன் தப்பிச் செல்லாதவாறு வான் வாயிலில் கம்பித் தடுப்பு இடப்பட்டது. 1889 மே 31 ஆம் நாள் பெய்த பெருமழையில் அத்தடுப்பில் குப்பை அடைபட, நீர் அணைமேல் வழிந்தது, அணை உடைந்தது. பள்ளத்தாக்கின் கீழே இருந்த ஜோன்ஸ்ரவுண் நகரத்தில் 2,209 பேர் மாண்டனர். அணையால் மகிழ்ந்தவர் மேலே. அணையால் அழிந்தவர் கீழே. இருசாராரும் ஒருவராக இல்லாமையே அப்பேரழிவின் சமூகக் காரணம்.

சிறிய அணையும் இதற்கு விலக்கன்று. அதே நாட்டின் ஜோர்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்னும் ஊருக்கு மேலே, மின்னுற்பத்திக்குப் பயன்பட்டுப் பின்னர் வெறும் பொழுதுபோக்கு ஏரியாக விடப்பட்ட அணை ஒன்று 1977 நவம்பர் 6 ஆம் நாள் நள்ளிரவு கழிந்த நேரத்தில் உடைந்தது. கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் உறங்கியோர் உட்பட 39 பேர் இறந்தனர். அதன் பின்னரே அந்நாட்டு அரசு தனியார் அணைகளைப் பரிசோதிக்கும் வேலையை முனைந்து தொடங்கியது.

இவை தொலைநாட்டுக் கதைகள் என ஒதுக்குதற்கில்லை. கிழக்கு மாகாணத்திலேயே கந்தளாய் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் அக்கபோதி மன்னனோடு சிங்கள மரபும், குளக்கோட்டனோடு தமிழ் மரபும் தொடர்புபடுத்தும் அப்பெருங்குளத்தின் கட்டு 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் விடியுமுன் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. வடகீழ்ப் பருவ மாரி முடிந்து பல வாரங்கள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கட்டின்மீது பாரமான வாகனங்கள் சென்றமையும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. பல நூற்றாண்டுகளின் புகழோ, ஒரு திணைக்களத்தின் நேர்ப் பொறுப்போ கட்டைக் காக்கவில்லை. புகழ்பெற்ற கந்தளாய்க்கே இக்கதியெனின், வரைபடத்தில் பெயரும் குறிக்கப்படாத காட்டுக் குளங்களின் நிலை எத்தகையது?

காட்டுக் குளத்தின் தனி இடர்கள்

வயற் குளத்திற்கு உள்ள இடர்கள் யாவும் காட்டுக் குளத்திற்கும் உண்டு. அவற்றோடு அதற்கெனத் தனியாக உள்ள இடர்களையும் கருதவேண்டும்.

முதலாவது, விலங்குகளாலேயே கட்டுக்கு நேரும் தேய்வு. யானைக் கூட்டம் நாள்தோறும் ஒரே தடத்தில் கட்டைக் கடந்து நீருக்கு இறங்கும். அத்தடம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாழ்ந்து வாய்க்கால் போலாகும். மாரியில் நீர்மட்டம் உயரும்போது முதலில் வழிவது அத்தாழ்விலேதான். காட்டுப்பன்றி கிழங்கு தேடிக் கட்டைக் கிண்டும். யாருக்காகக் குளம் காக்கப்படுகிறதோ அவையே அதன் கட்டை மெல்ல மெல்ல அழிப்பன.

இரண்டாவது, மரங்கள். பாசனக் குளத்தின் கட்டில் முளைக்கும் மரத்தை வெட்டிவிடுதல் வழக்கம். தேசியப் பூங்காவினுள் மரம் வெட்டுதலும் மண் அகழ்தலும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. காட்டைக் காக்கப் பிறந்த விதி கட்டைக் கெடுக்கும் வேரையும் காத்துவிடக்கூடும். அதனைத் திருத்தும் அறிவுடையவர் நீர்ப்பாசனத் துறையில் இருக்கிறார். அனுமதிக்கும் அதிகாரமுடையவர் வனசீவராசிகள் துறையில் இருக்கிறார். இருவர் கடிதமும் ஒரு மேசையில் சந்திக்கும்வரை வேர் காத்திருப்பதில்லை.

மூன்றாவது, நீர்மட்டம் பற்றிய முரண்பாடு. உழவன் குளம் நிறைந்திருப்பதையே விரும்புவான். கட்டை உயர்த்தினால் நீர் பெருகும் என எண்ணுவான். ஆனால் யானை உண்ணும் புல் ஆழமற்ற நீரில் வளர்வது. நீர் மிகவும் ஆழமானால் புல் அழியும். மிகவும் குறைந்தால் குளம் வற்றும். ஆகவே காட்டுக் குளத்தில் துருசும் வானும் சரியான நிலையில் இருத்தல் பாதுகாப்புக்கு மட்டுமன்றி, அக்குளம் எந்நோக்கத்திற்காக நிற்கிறதோ அந்நோக்கத்திற்கே இன்றியமையாதது.

நான்காவது, மனித நடமாட்டம் அற்றுப்போதல். 1978 நவம்பர் 23 இல் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி காடுகளை முறித்தெறிந்தது. அதனைத் தொடர்ந்து வந்த நீண்ட போர்க்காலத்தில் அம்பாறையின் உட்பகுதிக் கிராமங்கள் பல வெறிச்சோடின. வயல் கைவிடப்பட்டபோது குளமும் கைவிடப்பட்டது. குளம் கைவிடப்பட்டபோது அதனைக் காடு எடுத்துக்கொண்டது. அரசிதழில் எப்பிரகடனமும் இன்றியே எத்தனையோ வயற் குளங்கள் இவ்வாறு காட்டுக் குளங்களாயின. 2009 இல் போர் முடிந்தபின் மக்கள் திரும்பி வந்து அவற்றின் கீழே மீண்டும் குடியேறினர். குடியேறியவருள் இளையோருக்குக் கட்டின் பழைய நோய்கள் தெரியாது. எந்த இடத்தில் எந்த ஆண்டு ஊற்று எடுத்தது என்பதை அறிந்திருந்த முதியோர் பலர் இல்லை. 2011 இன் தொடக்கத்தில் கிழக்கில் பெய்த பெருமழையில் சிறு குளங்கள் பல சேதமுற்றபோது இந்த அறிவிழப்பின் விலை வெளிப்பட்டது.

உலக வங்கியின் உதவியோடு 2008 இல் தொடங்கப்பட்ட அணைப் பாதுகாப்புத் திட்டம் வரவேற்கத்தக்கது. ஆயினும் அது முதன்மையாகப் பெரிய அணைகளையே கருத்திற் கொண்டது. பெரிய அணைக்கு அளவுமானிகளும் பொறியியலாளரும் உண்டு. சிறிய கட்டுக்கு வேண்டியவை அவையல்ல. மாரிக்கு முன் ஒரு முறை, மாரியின் நடுவே வாரந்தோறும், பெருமழை பெய்த மறுநாள் தவறாது, மண்வெட்டியோடு கட்டின் முழு நீளத்தையும் நடந்து பார்க்கும் ஒருவரே அதற்கு வேண்டும். வானில் அடைந்த மரக்கிளையை அகற்றவும், யானைத் தடத்தின் தாழ்வை மண்ணிட்டு நிரப்பவும், அடிவாரத்து ஊற்று தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்று நோக்கி எழுதி வைக்கவும் பெரும்பொருள் தேவையில்லை. யானைக்குக் கல் பதித்த சரிவான இறங்குபாதை ஒன்றைக் கட்டின் ஓரத்தில் அமைத்துக் கொடுத்தால், அது கட்டின் நடுவைக் கடக்கவேண்டிய தேவையும் குறையும்.

முடிவுரை

காவலின் வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகிறது. இராசகாரியம் கொடியதாயிருந்தும், விதானைமுறை பக்கச் சார்புடையதாயிருந்தும், அவற்றின்கீழ்க் குளக்கட்டுக்கு ஓர் உரியவன் இருந்தான். பின்வந்த சீர்திருத்தங்கள் மனிதனுக்கு நீதி செய்ய முயன்றன, அது வேண்டியதே. ஆனால் ஒவ்வொரு சீர்திருத்தத்திலும் கட்டின் பொறுப்பு ஒருவன் கையிலிருந்து ஒரு குழுவின் கைக்கும், குழுவின் கையிலிருந்து ஒரு கோப்பின் பக்கத்திற்கும் நகர்ந்தது. வயல் உள்ள இடத்தில் உழவனின் தேவை அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. வயல் இல்லாத காட்டுக் குளத்தில் அதனை நிரப்ப எவரும் இல்லை. யானை விண்ணப்பம் எழுதாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்கும் வராது.

ஆதலின் காட்டுக் குளத்தின் காவலைக் காட்டு விலங்கின் நலமாக மட்டும் கருதும் நோக்கு மாறவேண்டும். குளுவெவவைக் காத்த பழைய கிராமத்தான் விலங்கின்மேற் கொண்ட இரக்கத்தால் மட்டும் அதனைக் காக்கவில்லை. தன் குளமும் தன் வயலும் அதன்கீழ் இருந்தமையாலேயே காத்தான். அந்த உறவை இன்றைய நிலைக்கேற்ப மீண்டும் நிறுவுதலே செய்யத்தக்கது. ஒவ்வொரு காட்டுக் குளத்தின் கீழும் வாழும் ஊரவர்க்கு, தமிழராயினும் முஸ்லிம்களாயினும் சிங்களவராயினும், அக்கட்டைப் பார்க்கும் உரிமையும் அதற்கான ஊதியமும் சட்டப்படி வழங்கப்படவேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர் பொறுப்பாக எழுதப்படவேண்டும்.

வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டுதோறும் ஒக்டோபரில் வரும். அது எந்தத் திணைக்களத்தின் எல்லையையும் பார்த்துப் பெய்வதில்லை. சாகாமத்திற்கு மேலும் லாகுகலவிலும் ஒரே இரவில் ஒரே மழை பெய்யும்போது, கட்டின்மீது வெளிச்சத்தோடு நடப்பவர் எவரேனும் உளரா என்பதொன்றே அவ்விரவில் பொருளுள்ள வினாவாகும்.